ஏழாம் நம்பர் காம்பராவும் அழியாத கோப்பும்

2024 ஏப்ரல் 2 — ரூ. 3,850.00
2024 ஏப்ரல் 3 — ரூ. 240.00
2024 ஏப்ரல் 19 — ரூ. 1,498.00
2024 மே 27 — ரூ. 0.00
2024 ஜூலை 8 — ரூ. 110.00

இந்த ஐந்து வரிகளும் ஜெயகாந்தனுடைய கணக்கு. முதலாவது, முழங்கால் வரைக்கும் வரும் ரப்பர் சப்பாத்து; ஹட்டனில் வாங்கியது, காலுக்கு ஒரு நம்பர் பெரிது. இரண்டாவது, அட்டை ஏறாமல் காலில் பூசிக்கொள்ளச் சவர்க்காரம். மூன்றாவது, கைப்பேசிக்கு டேட்டா. நான்காவது, மலையில் சாக்குத் தூக்கியும் கூலி விழாமற்போன நாள். ஐந்தாவது, பதிவுத் தபாலுக்கு. கம்ப்யூட்டர் தன் கோப்புகளை எப்படி வைத்துக் காக்கிறது என்று விளக்கும் ஒரு கையேட்டில் ஒரேயொரு சொல்லைத் திருத்தவும், இருந்த வீட்டைக் காக்கவும் போய்த்தான் இவ்வளவும் வந்தது என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கணக்கில் பிழை இல்லை.

றொசல்ல ஸ்டேஷனில் இறங்கி, தண்டவாளத்தை ஒட்டிக் கொஞ்சம் நடந்து, வலப்பக்கம் படியேறினால் கித்துல்மலைத் தோட்டத்தின் மேல்லயம் வரும்; தொழிலாளர்களுக்குத் தோட்டம் கொடுத்த காம்பராக்கள், அதாவது சிறு வீடுகள், வரிசையாக ஒட்டி நிற்கும் இடம். அதில் ஏழாம் நம்பர் காம்பராவில் ஜெயகாந்தனும் மனைவி ஜெயந்தினியும் தாயார் நாகலெட்சுமியும் குடியிருந்தார்கள். நாகலெட்சுமி தோட்டத்தில் கொழுந்தெடுத்தார். ஜெயந்தினி ஹட்டனில் ஒரு புடைவைக் கடைக்குப் போய்வந்தாள். முப்பத்தாறு வயது ஜெயகாந்தன், ஜன்னலோரம் ஒரு மேசையைப் போட்டு, கொழும்புக் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்தான்.

பிழையான சொல்லைப் பார்த்துவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. கோயில் திருவிழா நோட்டீசில் 'தேர்ப்பவனி இரவு ஏழு மணிக்கு' என்று போட்டிருந்ததைப் பார்த்து, எந்த வருடம் தேர் ஏழு மணிக்குக் கிளம்பியது என்று நிர்வாக சபையிடம் போய்க் கேட்டவன் அவன். 'சாமி புறப்படத் தயாரானதும்' என்று மாற்றும்வரை சந்தாக் காசைக் கையிலேயே வைத்திருந்தான். தன் கலியாணக் கார்டை அச்சகத்துக்கு இரண்டு தடவை திருப்பி அனுப்பினான். "மூணாந் தடவையும் திருப்பி அனுப்பியிருந்தா நான் வேற ஆளக் கட்டிக்கிட்டுப் போயிருப்பேன்" என்று ஜெயந்தினி இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள்.

இந்தக் குணத்துக்கும் சம்பளம் கொடுக்க உலகத்தில் ஒரு கம்பெனி இருந்தது. இயந்திரங்களோடு வரும் விளக்கப் புத்தகங்களை மூன்று மொழியிலும் செய்து கொடுப்பது அதன் தொழில். ஒரு பொருளுக்குப் புத்தகம் முழுக்க ஒரே சொல்தான் வந்திருக்கிறதா, அந்தச் சொல் அந்தப் பொருளைத்தான் சொல்கிறதா என்று பார்ப்பது ஜெயகாந்தனின் வேலை. வெள்ளவத்தையில் ஒரு மின்விசிறிக்கு அடியில் நாலு பேர் படுக்கும் போர்டிங் அறையில் ஒன்பது வருடம் இருந்து அதைச் செய்தான். 2024இல்தான் அவனுடைய பிரிவுத் தலைவி மெரினா, வீட்டிலிருந்தே வேலை செய்ய ஒரு வாய்ப்பு வாங்கித் தந்தார். அரசாங்கத் திணைக்களம் ஒன்றுக்காகச் செய்யும் கோப்பு முறைமைக் கையேட்டை மே மாதக் கடைசிக்குள் ஒழுங்காக முடித்தால் றொசல்லையிலேயே நிரந்தரமாக இருக்கலாம். முடிக்காவிட்டால் பழையபடி மின்விசிறிக்கு அடியில்.

வீடு அவனுக்கு அவ்வளவு முக்கியம். மார்ச் முப்பத்தோராம் தேதி அந்த வீட்டுக்கே ஆபத்து வந்தது.

அன்றைக்கு நாகலெட்சுமி வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். மாலை போட்டார்கள், பிளாஸ்டிக் கூடை ஒன்று கொடுத்தார்கள். மறுநாள் தோட்டத்து ஒப்பீசில் ஒரு அறிவித்தல் தொங்கியது. தோட்டத்தை நிர்வகிக்கப் புதிதாக வந்த துரை எழுதியது: ஜூன் முப்பதாம் தேதி எந்தக் காம்பராவிலிருந்து செக்ரோலில் ஒரு பேர்கூட இல்லையோ, அந்தக் காம்பரா வேறு குடும்பத்துக்குக் கொடுக்கப்படும். செக்ரோல் என்பது தோட்டத் தொழிலாளர்களின் பேர்ப் புத்தகம். அதில் பேர் இருந்தால்தான் வேலை. இனி வீடும் அப்படித்தான் என்று ஆயிற்று.

ஜெயகாந்தன் ஒப்பீசுக்கு ஓடினான். கிளாக்கர் கஜேந்திரன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கிளாக்கரய்யா, நான் கொழும்புக் கம்பெனியில வேலை செய்யிறேன். வேணும்னா வாடகை கட்டுறேங்க."

"தம்பி, வாடகைக்கு என்கிட்ட ரசீதுப் புத்தகம் இல்ல. பேர் எழுதத்தான் புத்தகம் இருக்கு. உங்க வீட்டுல யாராச்சும் ஒருத்தர் பேரு. நீங்களோ, உங்க சம்சாரமோ, எனக்கு எல்லாம் ஒண்ணுதான்."

"அம்மா பேரு?"

"அது நேத்தோட வெட்டியாச்சு. நீங்க நாளைக்கே பெரட்டுக்கு வாங்க. மூணு மாசம் கைகாசுக்கு நில்லுங்க. ஒழுங்கா வந்தா ஜூன் முடியிறதுக்குள்ள பேர ஏத்திரலாம்."

பெரட்டு என்பது காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரித்துவிடும் இடம். கைகாசு, அன்றன்றைக்குக் கிடைக்கும் கூலி.

ஜெயகாந்தன் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னான். ஜெயந்தினி சிரித்த சிரிப்பில் பக்கத்துக் காம்பராக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "நீங்களா? சாக்கா? சந்தையில அஞ்சு கிலோ அரிசி வாங்கினாலே ஆட்டோ கேக்கிற ஆளு!"

"அப்ப நீ போறியா?"

"எனக்கென்ன, ஹட்டன்ல கடை இருக்கு. மலைக்கெல்லாம் நான் ஏற மாட்டேன், சொல்லிப்புட்டேன்."

நாகலெட்சுமி மட்டும் அசையவில்லை. கூடையை மடியில் வைத்துக்கொண்டு, "எதுக்கு இந்தக் கூத்து? நான் உள்ள உக்காந்திருக்கேன். நான் இருக்கும்போது எவன் வந்து எடுக்கிறான்னு பாப்போம்" என்றார். அன்றிலிருந்து அவர் நல்லது கெட்டதுக்குக்கூட வெளியே போகவில்லை. கதவுக்கு நேரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஜெயகாந்தன் சப்பாத்து வாங்கினான். முதல் நாளே சப்பாத்துக்குள்ளும் அட்டை ஏறியதால் சவர்க்காரமும் வாங்கினான். பெண்கள் எடுத்த கொழுந்தைத் தராசடியிலிருந்து சாக்கில் கட்டி லொறி றோட்டுக்குத் தூக்கிப் போவது அவனுக்குக் கிடைத்த வேலை. கங்காணி ஆண்டியப்பன் அவனுக்குக் 'கம்ப்யூட்டர் தம்பி' என்று பேர் வைத்தார். "கம்ப்யூட்டர் தம்பி, சாக்க முதுகுல வைக்கணும். கைக்கொழந்த மாதிரி நெஞ்சுல அணைக்கக் கூடாது" என்று எல்லோர் முன்னாலும் பாடம் நடத்தினார். பகலில் வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு, மேசையில் உட்கார்ந்து கையேட்டைத் திறப்பான். கொழும்புக்கு இது ஒன்றும் தெரியாது. கிழமை தவறாமல் திங்கட்கிழமை முற்பகலில் நடக்கும் கூட்டம் ஒன்றுதான் தலைவலி. அதற்குத் தராசடிக்கு மேலே ஒரு சவுக்கு மரத்தடியில் சிக்னல் கிடைத்தது. டேட்டா வாங்கியது அதற்காகத்தான். பின்னால் கேட்கும் கூச்சலைப் பற்றி மெரினா கேட்டால், "றோட்டு வேலை நடக்குது மேடம்" என்பான்.

கையேட்டில் அவனுக்குச் சோறு இறங்காமற் செய்த இடம் இதுதான். கம்ப்யூட்டரில் கோப்பு வேறு, அதன் பேர் வேறு. கோப்பு, சேமிப்பு வட்டில் ஓரிடத்தில் கிடக்கிறது. பேர்கள் தனியே ஒரு பட்டியலில் இருக்கின்றன. ஒவ்வொரு பேரும் 'அந்தக் கோப்பு இன்ன இடத்தில்' என்று காட்டுகிறது. ஒரே கோப்புக்கு இரண்டு மூன்று பேர்கூட இருக்கலாம். நாம் ஒரு கோப்பை நீக்கச் சொல்லும்போது கம்ப்யூட்டர் செய்வது, பட்டியலில் அந்த ஒரு பேரை வெட்டுவது மட்டும்தான். வேறு பேர் இருந்தால் கோப்பு அப்படியே கிடக்கும். கடைசிப் பேரும் போன பிறகுதான் இடம் காலியாகி அடுத்த கோப்புக்குப் போகும். ஆனால் கம்பெனியின் சொற்பட்டியல் இதற்கு 'கோப்பை அழித்தல்' என்று வைத்திருந்தது. கையேடு முழுக்க அதுவே வந்தது. அதை நம்பி ஒரு அலுவலர் இரகசியக் கடிதம் ஒன்றை அழித்துவிட்டேன் என்று நிம்மதியாகத் தூங்குவார். அது இன்னொரு பேரில் யாரோ ஒருவர் கண்முன்னே திறந்து கிடக்கும்.

ஜெயகாந்தன் எல்லா இடத்திலும் 'பெயரை நீக்குதல்' என்று மாற்றி அனுப்பினான். மெரினா எல்லாவற்றையும் பழையபடி மாற்றித் திருப்பி அனுப்பினார்.

"பெயர நீக்கினா கோப்பு பேரில்லாம கிடக்குமான்னு வாசிக்கிறவங்க கேப்பாங்க, ஜெயகாந்தன். நீங்க சொல்றது சரி. ஆனா மன்னார்ல இருக்கிற ஒரு கிளாக் படிச்ச உடனே புரியணும். அந்த மாதிரி ரெண்டு வரி விளக்கம் எழுதித் தாங்க, சொல்லையும் மாத்துறேன். இல்லாட்டி விட்டிருங்க."

அவன் எழுதினான். முதல் விளக்கத்தில் நூலகம் வந்தது. புத்தக அட்டையும் புத்தகம் அடுக்கும் இறாக்கையும் சேர்ந்து குழம்பிப்போயின. அடுத்ததில் தபாற்பெட்டி வந்தது. அதற்கடுத்ததில் ஒரு மாடு வந்தது. அது ஏன் வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. ஒவ்வொன்றும் முன்னையதைவிட மோசம். மே இருபத்து நான்காம் தேதி மெரினா கொஞ்சம் கடுமையாகவே எழுதினார்: திங்கட்கிழமைக் கூட்டத்தில் முடிவு, அதற்குப் பிறகும் சொற்பட்டியலோடு மல்லுக்கட்டினால், வீட்டிலிருந்து வேலை செய்வது இவருக்குச் சரிவராது என்று மேலிடத்துக்கு எழுத வேண்டிவரும்.

திங்கட்கிழமை மே இருபத்தேழு. தூறல். ஜெயகாந்தன் சவுக்கு மரத்தடியில் குடையைத் தோளில் சாய்த்து, சாக்கின் மேல் உட்கார்ந்து கூட்டத்தில் சேர்ந்தான். கொழும்பில் ஐந்து பேர் மேசையைச் சுற்றி இருந்தார்கள். கீழே தராசடியில் ஆண்டியப்பன் ஜீவராணியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ஜீவராணி அந்தத் தோட்டத்தில் கொழுந்தும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும் பெண்.

"சரி ஜெயகாந்தன், உங்க விளக்கத்தச் சொல்லுங்க" என்றார் மெரினா.

ஜெயகாந்தன் வாயைத் திறந்தான். அதற்குள் கீழேயிருந்து ஆண்டியப்பனின் குரல் ஏறி வந்தது.

"இது கொழுந்தா, மாட்டுத் தீனியா? ஜீவராணி, இன்னொரு தடவ இப்படி முத்தல் எல கொண்டாந்தே, கிளாக்கரய்யாகிட்ட சொல்லி ஒன் பேர வெட்டிருவேன்!"

"வெட்டுங்க கங்காணியாரே, நல்லா வெட்டுங்க! பேர வெட்டினா நான் என்ன செத்தா போயிருவேன்? எங்க வீட்டுக்காரரு பேரு இருக்கு, எங்க மாமியா பேரு இருக்கு. ஒரு பேரு இருக்கிற வரைக்கும் காம்பரா எங்களுதுதான்!"

"மூணு பேரையும் சேத்து வெட்டுவேன்!"

"மூணையும் வெட்டினாலும் என்ன? நாகலெட்சுமி அக்கா மாதிரி எங்க மாமியாவ உள்ள உக்கார வச்சிருவேன். அது எந்திரிச்சு வெளிய வந்தாத்தானே நீங்க காம்பராவ இன்னொருத்தருக்குக் குடுப்பீங்க? அது எந்திரிக்காது கங்காணியாரே, அதுக்கு முழங்கால் வலி!"

தராசடியே சிரித்தது. ஜெயகாந்தன் கைப்பேசியைப் பார்த்தான். மைக் திறந்தே இருந்தது.

"ஜெயகாந்தன்" என்றார் மெரினா மெதுவாக, "அதுதானா றோட்டு வேலை?"

சாக்கிலிருந்து எழுந்து நின்றான். குடை பறந்துபோய்த் தேயிலைக்குள் விழுந்தது.

பிறகு மெரினா சிரிக்கத் தொடங்கினார். சிங்களப் பிரிவில் இருந்த இளைஞர் என்ன விஷயம் என்று கேட்க, அவருக்குச் சிங்களத்தில் சொல்லப்போய், பாதியில் மறுபடியும் சிரித்தார். "அந்தக்கா சொன்னத அப்படியே எழுதுங்க. வேற ஒண்ணும் வேணாம். கடைசிப் பேர் போனாத்தான் இடம் போகும். கடைசிப் பேர் போனாலும், உள்ள ஆள் இருந்தா அவங்க வெளிய வர்ற வரைக்கும் போகாது. திறந்து வச்சிருக்கிற கோப்புக்கும் அதானே நடக்குது? அந்த அத்தியாயத்த நீங்க இன்னும் தொடவே இல்ல."

"மேடம், இது… மன்னார்ல விளங்குமா?"

"காம்பரான்னு எழுதாம வீடுன்னு எழுதுங்க, எங்கயும் விளங்கும். எனக்கு நல்லா விளங்கிருச்சு. பொகவந்தலாவையில எங்க காம்பரா இன்னும் இருக்கு. சித்தப்பா பேர்ல நிக்குது."

ஒன்பது வருடம் ஒரே ஒப்பீசில் இருந்தும் மெரினா பொகவந்தலாவைக்காரர் என்பது ஜெயகாந்தனுக்குத் தெரியாது. அவன் எங்கே இருக்கிறான் என்பது அவருக்கும் இப்போதுதான் தெரிந்தது. மலையில் நிற்பதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "மழையில நனையாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

கீழே இறங்கியபோது ஆண்டியப்பன் இடுப்பில் கைவைத்து நின்றார். "போன்ல பேசிக்கிட்டிருந்தா சாக்கு தானா லொறிக்கு நடக்குமா? இன்னைக்குக் கூலி கெடையாது. கொழும்போட பேசினா கொழும்பே குடுக்கட்டும்."

"கங்காணியாரே, நீங்களும் ஜீவராணி அக்காவும் போட்ட சண்டைய அரசாங்கப் புத்தகத்துல போடப் போறாங்க."

ஆண்டியப்பனின் முகம் மாறியது. "என் பேரும் வருமா?"

"அதுல யார் பேரும் வராதுங்க. என் பேருகூட வராது."

"ஒரு பேருகூட இல்லாத புத்தகமா?" என்றாள் ஜீவராணி. "அப்ப ஜூன் முப்பதோட அதையும் புடுங்கிருவாங்க."

அன்றைக்குக் கூலி பூச்சியம்தான். ஆனால் பின்னேரம் ஒரே மூச்சில் விளக்கம் வந்துவிட்டது. கையேட்டில் அது இப்படி இருக்கிறது: 'கோப்பு ஒரு வீடு. பெயர்கள் அந்த வீட்டுக்குப் பதிந்த ஆட்கள். ஒரு பெயரை நீக்குவதால் வீடு காலியாகாது. இறுதிப் பெயரும் நீங்கி, உள்ளே இருப்பவரும் வெளியேறிய பின்னரே அவ்விடம் மற்றவருக்கு வழங்கப்படும். எனவே பெயரை மாற்ற விரும்பினால், முதலில் புதிய பெயரைப் பதிக. பதிவானதை உறுதிசெய்த பின்னரே பழைய பெயரை நீக்குக.' 'அழித்தல்' கையேடு முழுக்க ஒழிந்தது. திணைக்களத்திலிருந்து ஒரு கேள்விகூட வரவில்லை.

ஜூன் இருபத்தோராம் தேதி கஜேந்திரன் செக்ரோலில் ஜெயகாந்தனின் பேரை ஏற்றினார். ஆண்டியப்பன் நல்ல வார்த்தை சொல்லியிருந்தார். காம்பரா தப்பியது. ஜெயகாந்தன் ஆட்டுக்கறி வாங்கிவந்தான்.

ஜூலை முதலாம் தேதி கம்பெனியிலிருந்து நிரந்தர நியமனக் கடிதம் வந்தது. றொசல்லையிலிருந்தே வேலை. ஜூலை முப்பத்தொன்றுக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். ஒன்பதாவது நிபந்தனை: வேறெந்த நிறுவனத்தின் சம்பளப் பட்டியலிலும் பேர் இருக்கக் கூடாது.

கறி செரிப்பதற்குள் பழைய இடத்துக்கே வந்தாயிற்று. கையெழுத்துப் போட்டால் செக்ரோலில் பேரை வெட்ட வேண்டும். வெட்டினால் காம்பரா போகும். காம்பராவை வைத்துக்கொண்டால் வேலை போகும். ஜூன் முப்பது கடந்ததுதானே என்று கஜேந்திரனிடம் கேட்டுப் பார்த்தான். "என்னைக்குப் பேர் இல்லையோ அன்னைக்கே காம்பரா இல்ல தம்பி. தொர இப்ப அப்படித்தான் சொல்றாரு" என்றார் அவர்.

இரண்டு நாள் அவன் அந்த ஒன்பதாவது நிபந்தனையையே திருப்பித் திருப்பிப் படித்தான். மூன்றாம் நாள் ஜெயந்தினி, மேசையில் கிடந்த கையேட்டை எடுத்து விரித்து அவன் முன்னால் வைத்தாள்.

"இத யாரு எழுதினது?"

"நான்தான்."

"எழுதினா மட்டும் போதாது, படிக்கவும் வேணும். 'முதலில் புதிய பெயரைப் பதிக.' பிள்ளைமடுவத்துல ஒரு ஆள் கேக்கிறாங்க."

பிள்ளைமடுவம், வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம். அங்கே உதவியாளரும் செக்ரோலில்தான் வருவார்.

"நீ மலைக்கே ஏற மாட்டேன்னியே?"

"பிள்ளைமடுவம் மலையிலயா இருக்கு? லயத்துக்குக் கீழதானே. கடையில நாள் முழுக்க சேலைய விரிச்சு விரிச்சு மடிக்கிறேன், ஒருத்தரும் வாங்குறதில்ல. பிள்ளைங்கன்னா பால் குடுத்தா குடிக்கும். கிளாக்கரய்யாகிட்ட முந்தாநாளே கேட்டுட்டேன். மனுவ பதிவுத் தபால்ல போடச் சொன்னாரு."

"ஒப்பீசு இங்கிருந்து பார்த்தாத் தெரியுதே!"

"தொர உத்தரவாம். போடுங்க நூத்திப் பத்து ரூபாய."

ஜூலை எட்டாம் தேதி ஜெயகாந்தன் ஹட்டனுக்குப் போய் அவளுடைய மனுவைப் பதிவுத் தபாலில் போட்டான். அந்தக் கடிதம் ரயிலேறித் திரும்பி வந்து, அவன் வீட்டு வாசலைக் கடந்துதான் ஒப்பீசுக்குப் போனது. தன் பேரை வெட்டச் சொல்லும் கடிதத்தையும் எழுதி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அதை மட்டும் கொடுக்கவில்லை. கஜேந்திரன் கேட்டபோதும், "ரெண்டாவது பேரு விழட்டும் ஐயா" என்றான். மெரினா கையெழுத்து எங்கே என்று கேட்டபோதும் அதையே சொன்னான். "சரிதான், உங்க கையேட்டுலயும் அப்படித்தானே இருக்கு. ஆனா முப்பத்தொண்ணுக்கு மேல என்னால பிடிச்சு வைக்க ஏலாது" என்றார் அவர்.

பதினைந்தாம் தேதி வரவில்லை. இருபத்து நாலாம் தேதியும் வரவில்லை. துரை லீவில் போயிருந்தார். சாக்குத் தூக்கும்போது பையில் இருந்த கடிதம் வியர்வையில் ஊறி, அதை அவன் மூன்று தடவை புதிதாக எழுத வேண்டியதாயிற்று. இருபத்தெட்டாம் தேதி துரை திரும்பி வந்துவிட்டார் என்று ஜீவராணி மலையிலிருந்தே கத்திச் சொன்னாள்.

கடைசியில் வந்த கடிதத்தை நாகலெட்சுமிதான் நாற்காலியில் இருந்தபடியே கையெழுத்துப் போட்டு வாங்கினார். ஜெயகாந்தன் அதை இரண்டு தடவை படித்தான். ஒரு பிழையும் இல்லை. உடனே ஒப்பீசுக்கு ஓடித் தன் கடிதத்தைக் கொடுத்து, கஜேந்திரன் சிவப்பு மையால் தன் பேரை வெட்டுவதை நின்று பார்த்துவிட்டு வந்து, கம்பெனிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினான். சப்பாத்தை ஆண்டியப்பனுக்குக் கொடுத்தான். அவருக்கு அது சரியாக இருந்தது. நாகலெட்சுமி நாற்காலியை மடக்கி மூலையில் சாத்திவிட்டு, நாலு மாதத்துக்குப் பிறகு படியிறங்கி, பிளாஸ்டிக் கூடையோடு ஹட்டன் சந்தைக்குப் போனார்.

பிள்ளைமடுவ உதவியாளர் ஜெயந்தினி ஜெயகாந்தனின் பேர் செக்ரோலில் பதியப்பட்டது, ஏழாம் நம்பர் காம்பரா அவர் பேரில் தொடரும் என்று தோட்டத்து ஒப்பீசிலிருந்து அந்தக் கடைசிக் கடிதம் வந்து சேர்ந்தது 2024 ஜூலை 30, செவ்வாய்க்கிழமை.